சீன மனைவியை அமெரிக்காவுக்கு அழைத்துவர: எந்தக் காகிதம், எங்கே வாங்குவது, எங்கே சிக்கும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். மனைவி சீனக் குடிமகள், சிச்சுவான் மாகாணத்தின் செங்டுவில் இருக்கிறார். திருமணம் அங்கேயே பதிவாகி, சிவப்பு அட்டை போட்ட திருமணப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது. இனி அவரை நிரந்தரமாக அமெரிக்காவுக்கு அழைத்துவர என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும், வக்கீல் வைக்க வேண்டுமா என்பது கேள்வி.

அமெரிக்கப் படிவங்களில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிதானமாகப் படித்து நிரப்பத் தெரிந்தால் போதும். இந்த வழக்குகள் இழுபடுவது பெரும்பாலும் சீனாவில் வாங்கும் காகிதங்களால்தான். ஒன்றில் உள்ள பெயரோ தேதியோ ஊரோ இன்னொன்றோடு பொருந்தாது. அதனால் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் அந்தக் காகிதங்களைப் பற்றியே இருக்கும்.

முதலில் பாதை. நீங்கள் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-130 என்ற உறவினர் மனு போடுகிறீர்கள். அது ஒப்புதலானதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம் கட்டி, டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் சொன்ன பிறகு நேர்காணல் தேதி வரும். சீனப் பெருநிலத்தில் வசிப்பவர்களுக்குக் குடியேற்ற விசா நேர்காணல் நடக்கும் ஒரே இடம் குவாங்சோவில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். பெய்ஜிங்கிலோ ஷாங்காயிலோ கேட்டுப் பயனில்லை. செங்டுவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் 2020 ஜூலையிலேயே மூடப்பட்டுவிட்டது. கோப்பு எண் 'ஜியூஇசட்' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கினால் குவாங்சோவுக்குப் போகிறது என்று அர்த்தம்.

கட்டணம்: ஐ-130 ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 675. விசா மையத்தில் விண்ணப்பத்துக்கு 325, பராமரிப்பு உறுதிமொழிக்கு 120. விசா கிடைத்த பின் கிரீன் கார்டு அச்சிட 235. ஆன்லைன் வழியில் மொத்தம் 1,305 டாலர். மருத்துவப் பரிசோதனை, நோட்டரி, மனைவியின் பயணச் செலவு எல்லாம் இதற்கு மேல். கட்டணங்களை அவ்வப்போது மாற்றுவார்கள். கட்டும் நாளன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிமகன் என்பதால் வரிசை எண், ஒதுக்கீடு எதுவும் கிடையாது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மனைவியை அழைத்தால் எஃப்2ஏ என்ற ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஒதுக்கீடு இல்லாத இந்தப் பிரிவில் குறையும் ஒன்று உண்டு: மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளை இருந்தால், அவருடைய மனுவோடு சேர்ந்து வர முடியாது. அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு ஐ-130 போட வேண்டும். உங்கள் திருமணம் பிள்ளைக்கு 18 வயது முடிவதற்குள் நடந்திருக்கவும் வேண்டும். பலர் இதை நேர்காணல் நெருங்கும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஐ-130 உடன் ஐ-130ஏ என்ற இணைப்பு உண்டு. மனைவி வெளிநாட்டில் இருப்பதால் அதை நிரப்பினால் போதும், அவர் கையெழுத்து தேவையில்லை. மனைவியின் பெயரையும் முகவரியையும் அவருடைய சொந்த எழுத்தில் கேட்கும் இடம் மனுவில் உண்டு. அங்கே சீன எழுத்தில் எழுதுங்கள். சீனப் பெண்கள் திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. அன்பின் மிகுதியில் உங்கள் பெயரை அவர் பெயரோடு ஒட்டிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரில் விசா வராது, பின்னால் திருத்தம் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் பக்கத்திலும் நம் ஊர்ப் பெயர் வம்பு உண்டு. இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். பழைய இந்திய பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, குடியுரிமைச் சான்றிதழில் வேறு வரிசை இருக்கும். சீனத் திருமணப் புத்தகத்தில் உங்கள் பெயர் எந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதப்பட்டது, எழுத்துக்கு எழுத்து அதேதானா என்று இப்போதே சரிபாருங்கள். பெயர் மாறியிருந்தால் அதற்கான நீதிமன்ற உத்தரவையோ குடியுரிமைச் சான்றிதழையோ மனுவிலேயே இணைத்துவிடுங்கள்.

திருமணத் தேதி இன்னொரு கண்ணி. சட்டப்படி திருமணத் தேதி சிவப்புப் புத்தகத்தில் உள்ள பதிவுத் தேதிதான். சீனாவில் பதிவு ஒரு நாள், விருந்து பல மாதம் கழித்து என்பது வழக்கம். அதோடு சென்னையிலோ மதுரையிலோ தாலி கட்டும் சடங்கும் நடந்திருந்தால் மூன்று தேதிகள் ஆகிவிடும். இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். மற்றபடி 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவானால்தான் செல்லும். ஆகவே சடங்கை 'சடங்கு' என்றே குறிப்பிடுங்கள். எல்லாப் படிவங்களிலும் பதிவுத் தேதி ஒன்றே வரட்டும், நேர்காணலில் மனைவியும் அதையே சொல்லட்டும். வீடியோ அழைப்பில் அமெரிக்க மாநிலம் ஒன்றில் ஆன்லைனாகத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு: இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன் பிறகு இருவரும் நேரில் சேர்ந்து வாழ்ந்தால்தான் குடியேற்றச் சட்டம் ஏற்கும். திருமணத்துக்குப் பிந்தைய தேதியிட்ட பயண முத்திரை, விடுதிப் பில் எல்லாம் இல்லாமல் மனு போடாதீர்கள்.

நோட்டரியின் வெள்ளைப் புத்தகம்

அமெரிக்கத் துணைத் தூதரகம் மனைவியின் பிறப்பு, திருமணம், குற்றமின்மை மூன்றுக்கும் 'கோங்ஜெங்ஷு' என்ற நோட்டரிச் சான்றைக் கேட்கும். இது நம் ஊரில் கோர்ட் வாசலில் உட்கார்ந்திருக்கும் நோட்டரி குத்தும் முத்திரை போன்றதல்ல. 'கோங்ஜெங்ச்சூ' என்ற அலுவலகம் மூலப் பத்திரங்களைப் பார்த்து, தானே ஒரு சான்று எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து, வெள்ளை அட்டை போட்ட சிறு புத்தகமாகக் கட்டித் தரும். மருத்துவமனை தந்த பிறப்புச் சான்றை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றினால் விசா மையம் திருப்பி அனுப்பிவிடும். அந்த மருத்துவப் பிறப்புச் சான்று முறையே 1996-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு நோட்டரி பெரும்பாலும் ஹுகோ எனப்படும் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தும், பெற்றோரை விசாரித்தும்தான் எழுதுவார்.

ஹுகோ எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நோட்டரியிடம் போவது எளிது. 'அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு, ஆங்கில மொழிபெயர்ப்புடன்' என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். எந்த நாட்டுக்கு என்பதைப் பொறுத்து வாசகமும் இணைப்பும் மாறும். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளட்டும். ஒன்று நேர்காணலுக்கு, ஒன்று வீட்டில். பிற்காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் பெற்றோரை அழைக்கும்போதும் இதே புத்தகத்தைத் தேடுவீர்கள். 2023 நவம்பர் 7 முதல் சீனாவில் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்றொப்பம்) நடைமுறை வந்துவிட்டதால், இதற்கும் அப்போஸ்டில் போட வேண்டும் என்று சொல்லிப் பணம் பிடுங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். துணைத் தூதரகத்துக்குக் கொடுக்கும் கோங்ஜெங்ஷுவுக்கு அது தேவையில்லை.

புத்தகம் கையில் வந்ததும் அலுவலகத்தை விட்டு நகராமல், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். மாட்டுபவை இவை:

பிறந்த தேதி. கிராமப்புறங்களில் பழைய தலைமுறை சந்திர நாட்காட்டித் தேதியைச் சொல்லிப் பதிந்திருப்பார்கள். ஹுகோவில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று இருக்கும். பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் சொல்லும் தேதியே எல்லாவற்றிலும் வர வேண்டும். வேறுபட்டால் காவல் நிலையத்தில் ஹுகோவைத் திருத்திவிட்டு அப்புறம் நோட்டரியிடம் போக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை பணம் கட்ட நேரும்.

பிறந்த ஊர். சோங்சிங் 1997 வரை சிச்சுவானின் பகுதியாக இருந்தது, அதன் பிறகு தனி மாநகராட்சி. அதற்கு முன் அங்கே பிறந்தவரின் பழைய காகிதத்தில் 'சிச்சுவான்' என்றும் புதியதில் 'சோங்சிங்' என்றும் இருப்பது சகஜம். இரண்டும் பொய்யில்லை என்றாலும் உங்கள் படிவங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஆங்கில எழுத்து. 'ல்யூ' என்ற குடும்பப் பெயரில் வரும் உயிரெழுத்துக்கு ஆங்கிலத் தட்டச்சில் நேர் எழுத்து இல்லை. வங்கிக் கணக்கிலும் பழைய சான்றுகளிலும் 'எல்-வி' என்று போட்டிருப்பார்கள். இப்போதைய பாஸ்போர்ட்டுகளில் 'எல்-ஒய்-யு' என்று வரும். மொழிபெயர்ப்பாளர் தன் வழக்கப்படி அடித்துவிடுவார். பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து 'இதேபோல்' என்று சொல்லியாக வேண்டும்.

பழைய பெயர். ஹுகோ பக்கத்தில் 'முன்பு வழங்கிய பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. சின்ன வயதில் பெயர் மாற்றியிருந்தால் அங்கே பதிவாகியிருக்கும். விண்ணப்பத்தில் 'வேறு பெயர்கள் உண்டா' என்ற கேள்விக்கு இதையும் எழுத வேண்டும். குற்றமின்மைச் சான்றும் அந்தப் பெயரைக் குறிப்பிட்டு வருவது நல்லது.

பெற்றோர் பெயர். இது நுட்பமானது. ஒரே பிள்ளைக் கொள்கை இருந்த காலத்தில் இரண்டாவதாகப் பிறந்த குழந்தையை அபராதத்துக்குப் பயந்து பெரியப்பா வீட்டு ஹுகோவில் அவர்கள் பிள்ளையாகவே பதிந்த குடும்பங்கள் உண்டு. அப்படியானால் நோட்டரிச் சான்றில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பெற்றோராக வந்து நிற்பார்கள். மனைவி விசாவுக்கு இது பெரிய தடையாகாமலே போகலாம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அவர் குடியுரிமை வாங்கி உண்மையான அப்பா அம்மாவை அழைக்கும்போது, அவர் தந்த முதல் ஆவணமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். டிஎஸ்-260-இல் உண்மையான பெற்றோரை எழுதி, ஹுகோ ஏன் வேறு சொல்கிறது என்று ஒரு பக்க விளக்கம் இணைப்பதே வழி. இந்த ஒரு சிக்கலுக்கு வக்கீல் வைப்பது வீண் செலவல்ல.

குற்றமின்மைச் சான்றுக்கு முதலில் ஹுகோ இருக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் வாங்கி, அதை நோட்டரியிடம் கொடுத்து கோங்ஜெங்ஷு ஆக்க வேண்டும். இதை அவசரப்பட்டு ஐ-130 போடும்போதே வாங்காதீர்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதானால் விசா மையம் ஏற்காது; மனு ஒப்புதலுக்கே ஓராண்டுக்கு மேல் இழுக்கலாம். ஒப்புதல் வந்த பிறகு வாங்கினால் போதும். 16 வயதுக்குப் பின் வேறு நாட்டில் ஓராண்டோ அதற்கு மேலோ இருந்திருந்தால், உதாரணமாக ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, சிங்கப்பூரில் வேலை என்றால், அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். சீனாவில் இருந்தபடியே அதை வாங்க நாளாகும், அதை மட்டும் முன்கூட்டித் தொடங்குங்கள். முன்பு விவாகரத்து ஆகியிருந்தால் விவாகரத்துப் புத்தகத்தோடு ஒப்பந்தமோ நீதிமன்ற ஆவணமோ முழுதாக நோட்டரி செய்யப்பட வேண்டும். முதல் பக்கம் மட்டும் போதாது.

கட்சிக் கேள்வி

சீன விண்ணப்பதாரர்களை அதிகம் பயமுறுத்தும் கேள்வி இது: கம்யூனிஸ்ட் கட்சியிலோ சர்வாதிகாரக் கட்சியிலோ உறுப்பினராக இருந்திருக்கிறீர்களா, சார்புடையவராக இருந்திருக்கிறீர்களா? கட்சி உறுப்பினருக்கு விசா மறுக்கும் இந்தத் தடை சுற்றுலா, மாணவர் விசாவுக்கு இல்லை. குடியேற்ற விசாவுக்கு மட்டும்தான்.

மூன்று அமைப்புகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிவப்புக் கழுத்துப் பட்டி கட்டும் இளம் முன்னோடிகள் பள்ளிப் பிள்ளைகள், 14 வயது வரை. ஏறக்குறைய எல்லோரும் இருந்தவர்களே. கம்யூனிஸ்ட் இளைஞர் கழகம் 14 முதல் 28 வயது வரை. உயர்நிலைப் பள்ளியில் வகுப்போடு வகுப்பாகச் சேர்க்கப்பட்டவர்கள் ஏராளம். கட்சி உறுப்பினர் என்பது வேறு. அதற்கு விண்ணப்பம், பயிற்சிக் காலம், உறுதிமொழி, மாதச் சந்தா எல்லாம் உண்டு. அதிகாரி தோண்டுவது இந்த மூன்றாவதைத்தான். ஆனாலும் இளைஞர் கழகத்தில் இருந்ததைக் கேட்டால் மறைக்க வேண்டாம்.

உறுப்பினராக இருந்தவருக்குக் கதவு முழுதாக மூடவில்லை. 16 வயதுக்கு முன் மட்டுமே உறுப்பினராக இருந்தது, விருப்பமின்றிச் சேர்க்கப்பட்டது, வேலை, உணவுப் பங்கீடு போன்ற அடிப்படைத் தேவைக்காகச் சேர்ந்தது ஆகியவற்றுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. கட்சியை விட்டு விலகி விண்ணப்பத்துக்கு முன் 2 ஆண்டு ஆகியிருந்தால் விலக்கு. அந்தக் கட்சியே நாட்டைச் சர்வாதிகாரமாக ஆள்கிறது என்றால் 5 ஆண்டு. சீன விஷயத்தில் 5 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவை எதிலும் அடங்காவிட்டாலும், அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்ற முறையில் குடும்ப ஒற்றுமையைக் காட்டி ஐ-601 படிவத்தில் தடை நீக்கம் கேட்கலாம். அது காலத்தைக் கூட்டும், ஆனால் கிடைக்கக்கூடியது.

விலகியதற்கு ஆதாரம் காட்டுவதுதான் கஷ்டம். ராஜினாமாக் கடிதம் கொடுத்து வெளியே வருபவர்கள் குறைவு. கட்சியின் சொந்த விதிப்படியே, காரணமின்றி 6 மாதம் தொடர்ந்து சந்தா கட்டாமலோ, கூட்டங்களுக்குப் போகாமலோ, ஒப்படைத்த வேலையைச் செய்யாமலோ இருந்தால் தானாக விலகியதாகக் கருதப்படும். ஆகவே கடைசியாகச் சந்தா கட்டிய மாதம், வேலை மாறியபோது கட்சிக் கோப்பு எங்கே போனது, எதற்காகச் சேர்ந்தார் என்பதையெல்லாம் தேதியோடு தன் கைப்பட எழுதி, மொழிபெயர்ப்புடன் கொண்டுபோக வேண்டும். அரசு வங்கியிலோ பல்கலைக்கழகத்திலோ பதவி உயர்வுக்காகச் சேர்ந்தவர் அதை அப்படியே சொல்லலாம். 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு, பிறகு அப்பா அரசு அதிகாரி, தான் மாணவர் சங்கத் தலைவி என்ற விவரங்களை அதிகாரி கோர்த்துப் பார்த்தால், கட்சித் தடையை விட மோசமான தடை விழும். பொய் சொல்லி விசா வாங்க முயன்றதற்கான தடை ஆயுள் முழுவதும் நிற்கும். அதற்கும் தடை நீக்கம் கேட்கலாம்தான், ஆனால் மனைவி வராததால் உங்களுக்குக் கடும் துன்பம் என்று நிரூபித்தாக வேண்டும்.

டிஎஸ்-260-இல் 16 வயதிலிருந்து வசித்த எல்லா முகவரிகளும் கேட்கப்படும். சீனாவில் கல்லூரி விடுதி, வேலை செய்த நகரம், பெற்றோர் வீடு, ஹுகோ முகவரி எல்லாம் வெவ்வேறாக இருக்கும். கேட்பது உண்மையில் வசித்த இடங்களை. ஹுகோ எங்கே இருந்தது என்பதை அல்ல. மாதம் வருடத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கணினியில் உட்காருங்கள். கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளும் வேண்டும். பட்டியலில் வெய்போ, டோபான், க்யூஸோன், யூக்கு இருக்கும். சீனாவில் எல்லோர் கையிலும் இருக்கும் வீசாட் அந்தப் பட்டியலில் இல்லை என்பது வேடிக்கை. அதை அடுத்து வரும் 'வேறு ஏதேனும்' கேள்வியில் எழுதிவிடுவது நல்லது. சமூகப் பாதுகாப்பு எண் வேண்டுமா என்ற இடத்தில் 'ஆம்' என்று குறித்தால் வந்திறங்கிய பின் தனியாக அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

உறவு உண்மையானது என்பதற்கான ஆதாரத்தில் ஆட்கள் ஒன்று, ஆயிரம் பக்க வீசாட் உரையாடலைக் கொட்டுவார்கள். அல்லது ஸ்டுடியோவில் எடுத்த திருமண ஆல்பத்தை மட்டும் வைப்பார்கள். இரண்டும் பலவீனம். ஸ்டுடியோப் படம் பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். இருபக்கப் பெற்றோரோடு சாப்பாட்டு மேசையில் எடுத்த பத்துப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்ற குறிப்புடன் இருந்தால் அதற்கு எடை அதிகம். உரையாடலை மாதத்துக்கு இரண்டு பக்கம் என்று மாதிரியாக எடுத்து, முக்கியமான வரிகளை மட்டும் மொழிபெயர்த்துக் கீழே 'இரு மொழியும் அறிவேன், இது சரியான மொழிபெயர்ப்பு' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டால் போதும். போன் மாற்றும்போது வீசாட் வரலாறு தானாகப் புதிய போனுக்குப் போகாது. பழையதை விற்கும் முன் கணினியில் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட் முத்திரைகள், போர்டிங் பாஸ், பணம் அனுப்பிய விவரம், காப்பீட்டில் மனைவியை வாரிசாகப் போட்டது எல்லாம் சேர்க்கத் தக்கவை. சீன முத்திரைகளை இழந்திருந்தால் விமானச் சீட்டுகளும் விடுதிப் பில்லும் உதவும்.

வருமானமும் ஐ-864-ம்

ஐ-864 என்பது மேலே சொன்ன பராமரிப்பு உறுதிமொழிப் படிவம். இதில் நீங்கள் அமெரிக்க அரசுக்கு ஒரு வாக்குறுதி தருகிறீர்கள்: மனைவி அரசு உதவியை நம்ப வேண்டியிராது என்று. வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் வேண்டும். 2025-ஆம் ஆண்டு அட்டவணைப்படி இருவர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 26,437 டாலராக இருந்தது. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் கூடுதல். கடைசி ஆண்டு வரி டிரான்ஸ்கிரிப்ட் (வரித் துறை தரும் தாக்கல் சுருக்கம்), டபிள்யூ-2 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம் வைத்தால் மாதச் சம்பளக்காரருக்குப் பிரச்சினை வராது. வாக்குறுதி விவாகரத்தானாலும் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். மனைவி குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலை அவர் கணக்கில் சேரும்வரை அது உயிரோடு இருக்கும்.

நீங்கள் சீனாவிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. வெளிநாட்டு வருமான விலக்கு எடுத்து வரி தாக்கல் செய்திருப்பீர்கள், மொத்த வருமானம் பூஜ்யமாகத் தெரியும். அந்த வேலை அமெரிக்கா வந்த பின்னும் தொடரும் என்று காட்டாவிட்டால் கணக்கில் வராது. அதோடு அமெரிக்காவில் வசிப்பிடம் இருக்கிறது, அல்லது மனைவி நுழையும் நாளுக்குள் இருக்கும் என்றும் காட்ட வேண்டும்: வாடகை ஒப்பந்தம், வேலை உத்தரவு, வாக்காளர் பதிவு என்று. கூட்டு உத்தரவாதம் தரும் ஒருவரைப் பிடிப்பதே பலருக்கு வழி. அவர் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்து, வருமான அளவையும் எட்ட வேண்டும், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை.

சொத்தைக் காட்டினால், குறைவுபடும் தொகையைப் போல மூன்று மடங்கு காட்ட வேண்டும். 6,000 டாலர் குறைந்தால் 18,000. மனைவிக்குச் செங்டுவில் அடுக்குமாடி வீடு இருக்கிறதே என்று பலர் நம்பியிருப்பார்கள். ஓராண்டுக்குள் பணமாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடிகிற சொத்தே கணக்கில் சேரும். சீனாவில் ஒருவர் ஆண்டுக்கு 50,000 டாலர் அளவுக்குத்தான் அந்நியச் செலாவணி மாற்றலாம் என்ற வரம்பு இருப்பதால் அதிகாரிக்கு அந்த வீட்டின் மேல் நம்பிக்கை வராது. வங்கியில் இருக்கும் ரொக்கம், இருப்புச் சான்றோடு காட்டினால், அதைவிட மேல்.

விசா மையம் ஏற்றிய ஆவணங்களைத் திருப்பி அனுப்புவதற்குச் சாதாரணக் காரணங்கள்: கோங்ஜெங்ஷுவின் சீனப் பக்கம் ஒரு கோப்பாகவும் ஆங்கிலப் பக்கம் இன்னொரு கோப்பாகவும் ஏற்றியது, முத்திரைப் பக்கம் விட்டுப்போனது, போனில் எடுத்த படத்தில் ஓரம் வெட்டுப்பட்டது. அட்டை முதல் அட்டை வரை ஒரே பிடிஎஃப், 4 எம்பிக்குள் இருக்கட்டும். அந்தத் தளத்தில் ஓராண்டாக எதுவுமே செய்யாமல் விட்டால் கோப்பை மூடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. நேர்காணலுக்குக் காத்திருக்கும் காலத்திலும் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள்.

மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மையங்களில் மட்டுமே செய்யலாம். குவாங்சோ, ஷாங்காய், பெய்ஜிங் போன்ற சில நகரங்களில்தான் உண்டு. பெரிய மருத்துவமனை என்றாலும் வேறு இடத்து ரிப்போர்ட் செல்லாது. செங்டுவிலிருந்து போகிறவர் நேர்காணலுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகக் குவாங்சோவிலேயே முடித்துக்கொள்வது சுலபம். தடுப்பூசிப் பதிவுப் புத்தகம் இருந்தால் எடுத்துப்போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போட்ட ஊசியையே மறுபடி போடுவார்கள். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் மூன்று நாள் சளி எடுத்து, 8 வாரம் வளர்த்துப் பார்ப்பார்கள். அதைத் தவிர்க்க முடியாது. பழைய எக்ஸ்ரேக்கள் இருந்தால் டாக்டருக்கு உதவும். பரிசோதனை பொதுவாக 6 மாதம் செல்லும், விசாவின் ஆயுளும் அதைப் பொறுத்ததே. அதனால் மிக முன்னதாகவும் செய்யக் கூடாது.

நேர்காணல் குவாங்சோவின் சூஜியாங் புதுநகரப் பகுதியில் நடக்கும். சீன மொழியிலேயே பேசலாம், நீங்கள் கூட இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூலப் புத்தகங்கள், சிவப்புத் திருமணப் புத்தகம், பாஸ்போர்ட், 2 அங்குலச் சதுரப் படம் இரண்டு, உங்கள் ஐ-864-இன் பிரதி, வருமானத்தில் மாற்றம் இருந்தால் புதிய சம்பளச் சீட்டு. கேள்விகள் எளியவை: எப்படிச் சந்தித்தீர்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், கணவர் என்ன வேலை, அவருக்கு முன்பு திருமணம் ஆனதா, பெற்றோருக்குத் தெரியுமா. இருவருக்கும் பொதுவான மொழியில் பேச்சு தட்டுத் தடுமாறி வந்தால், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். மொழிபெயர்ப்புச் செயலி பயன்படுத்துவது குற்றமல்ல. 221(ஜி) என்று சீட்டு கொடுத்தால் அது நிராகரிப்பு என்று அழ வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைகிறது அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று அர்த்தம். சீட்டில் கேட்டதை மட்டும் அனுப்புங்கள். கேட்காததையும் சேர்த்து அனுப்பினால் புதுக் கேள்விதான் முளைக்கும்.

காத்திருக்கும் நாட்களில் மனைவி சுற்றுலா விசாவில் வந்து போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஏற்கெனவே 10 ஆண்டு விசா இருந்தால், இவஸ் பதிவை (அந்த விசா வைத்திருக்கும் சீனர்கள் இணையத்தில் செய்ய வேண்டிய பதிவு) புதுப்பித்து, திரும்பும் டிக்கெட்டோடும் சீனாவில் வேலை இருப்பதற்கான அத்தாட்சியோடும் வரலாம். விமான நிலைய அதிகாரி மனு இருப்பதைப் பார்ப்பார், திருப்பி அனுப்பவும் அவருக்கு உரிமை உண்டு. விசா இல்லாமல் இப்போது புதிதாகக் கேட்டால் மறுப்புக்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் செங்டுவுக்குப் போய்வருவதுதான் மேல், ஆதாரமும் சேரும்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த பின் ஒரு கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் நுழையும் நாளன்று திருமணமாகி 2 ஆண்டு முடியாவிட்டால் சிஆர்-1, நிபந்தனையுள்ள 2 ஆண்டுக் கிரீன் கார்டு. முடிந்திருந்தால் ஐஆர்-1, 10 ஆண்டுக் கார்டு. இரண்டாம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரமே இருந்து, விசாவும் அதுவரை செல்லுமானால், நிறைவு நாளுக்குப் பிறகு பயணச்சீட்டு எடுங்கள். விசாவில் சிஆர்-1 என்று அச்சாகியிருந்தாலும் விமான நிலையத்தில் திருமணச் சான்றைக் காட்டி ஐஆர்-1 ஆகப் பதியச் சொல்லலாம். நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவமும் அதன் 750 டாலர் கட்டணமும் மிச்சமாகும்.

சீனாவில் பிறந்த குழந்தை இருந்தால் வேறு கதை. சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சீனத் தாய்க்குச் சீன மண்ணில் பிறந்த பிள்ளையைத் தன் குடிமகனாகவே பார்க்கும். அமெரிக்கத் தூதரகத்தில் வாங்கிய பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி விமானம் ஏற முயன்றால் தடுத்துவிடுவார்கள். உள்ளூர்க் குடிநுழைவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதிச் சீட்டு வாங்க நேரம் ஒதுக்குங்கள். மனைவி தன் ஹுகோவை ரத்துசெய்ய அவசரப்பட வேண்டாம். வீடு, ஓய்வூதியம், அடையாள அட்டை எல்லாம் அதோடு கட்டப்பட்டவை.

வக்கீல்? முதல் திருமணம், கட்சி உறுப்பினர் இல்லை, குற்ற வழக்கு இல்லை, அமெரிக்காவில் முன்பு விசாக் காலம் தாண்டித் தங்கியதில்லை, வருமானம் போதும் என்றால் நீங்களே செய்யலாம். இவற்றில் ஒன்று மாறினாலும், மனு போடும் முன் குடியேற்றச் சட்டம் மட்டுமே பார்க்கும் வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனை வாங்குங்கள். சீனாவில் 'குவாங்சோவில் ஆள் இருக்கிறது' என்று சொல்லும் ஏஜென்டிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அவர் மனைவி பெயரில் என்ன பதில் அடித்தாலும் அதற்குப் பொறுப்பு மனைவியே, டிஎஸ்-260-இன் கடைசியில் மின்கையெழுத்து அவருடையது.